மேற்குச் சுவருக்கு ஐந்து நாள்

வாபி, குஜராத்
9 ஜூன் 2024

மதினிக்கு,

சேதுபதி எழுதுகிறேன். நான்கு தடவை போன் செய்தேன். மூன்று தடவை மணி அடித்து ஓய்ந்துவிட்டது. நான்காவது தடவை கீர்த்தனா எடுத்து, "அம்மா பேசமாட்டேங்குது சித்தப்பா, நான் என்ன செய்ய" என்றாள். பிள்ளையை நடுவில் நிறுத்த மனமில்லை. அதனால் எழுதுகிறேன். கடிதம் எழுதி இருபது வருடம் இருக்கும். கையெழுத்து எனக்கே பிடிபடவில்லை.

அண்ணன் போய் நான்கு மாதம் ஆகப்போகிறது. அகரத்தில் நம் நிலத்தின் கிழக்குப் பாதியில் நான் கட்டுகிற வீடு, அண்ணன் போன அன்றைக்கு எப்படி நின்றதோ அப்படியே நிற்கிறது. மூன்று பக்கம் பூசியாகிவிட்டது. உங்கள் பக்கம் பார்க்கிற மேற்குச் சுவர் மட்டும் வெறும் செங்கலாக இருக்கிறது. இரண்டு கோடை மழைக்கே மாடி அறையின் உட்புறம் ஊறி, கையை வைத்தால் ஈரம் ஒட்டுகிறதாம். அடைமழைக்கு முன்னால் அதை மூடியாக வேண்டும்.

பூச்சு வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். பூசினால் சாரம் ஒரு மாதம் நிற்கவேண்டும், தினமும் தண்ணீர் அடிக்கவேண்டும். அதற்குப் பதிலாக சிமெண்ட் பைபர் பலகை அடிக்கலாம் என்றிருக்கிறேன். இங்கே எங்கள் மில்லில் பஞ்சுக் குடோனுக்கு வெளிப்பக்கம் முழுக்க அதுதான். சுவரில் இரும்புச் சட்டம் அடித்து, அதன்மேல் கீழிருந்து மேலாக, ஒரு பலகையின் அடி விளிம்பு கீழே உள்ளதன் தலையில் ஏறி நிற்கும்படி திருகிக்கொண்டே போவார்கள். மழைத்தண்ணீர் வழிந்து இறங்கிவிடும். சுவருக்கும் பலகைக்கும் நடுவில் காற்று ஓடுவதால் மேற்கு வெயிலும் உள்ளே இறங்காது. திண்டுக்கல் நாகல் நகரில் மைதீன் பிச்சை என்று ஒருவர் இந்த வேலை செய்கிறார். ஐந்தே நாளில் முடித்துத் தருகிறேன் என்றார்.

சுவர் உங்கள் வரப்பிலிருந்து இரண்டடிதான் தள்ளி நிற்கிறது. சாரம் போட்டால் உங்கள் மண்ணில்தான் கால் ஊன்றவேண்டும். அதற்கு உங்கள் சம்மதம் வேண்டும். ஐந்து நாள்தான்.

பரணி உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

சேதுபதி

*

அகரம்
18 ஜூன் 2024

கொழுந்தனாருக்கு,

கடிதம் வந்தது. இரண்டு பக்கம் பலகையைப் பற்றி எழுதியிருந்தீர்கள்.

என் மண்ணில் சாரம் நிற்காது. ஐந்து நாளும் நிற்காது, ஐந்து நிமிடமும் நிற்காது. மாசி மாதம் சாரத்தைக் கழற்றிப் போன ஆட்கள் கால் ஊன்றிய குழிகளை மூடாமலே போய்விட்டார்கள். எட்டுக் குழி. மண்வெட்டி எடுத்து நான்தான் மூடினேன். உங்களுக்கு அது தெரியாது. தெரிந்திருக்க வேண்டும் என்றும் சொல்லவில்லை.

சுவர் நனையக்கூடாது என்று உங்கள் மேஸ்திரி ஒரு நீலத் தார்ப்பாயை மேலிருந்து தொங்கவிட்டுப் போயிருக்கிறார். கீழ்ப்பக்கம் கட்டு அறுந்துவிட்டது. ஆடி இன்னும் பிறக்கவே இல்லை, அதற்குள் காற்று பிய்த்து எடுக்கிறது. நாள் முழுக்க சுவரில் படார் படார் என்று அறைகிறது. ஆள் வந்து கதவைத் தட்டுகிற மாதிரியே இருக்கிறது. பூ கட்ட உட்கார்ந்தால் நாலு தடவை எழுந்து பார்க்கிறேன். முதலில் அதை எடுக்கச் சொல்லுங்கள்.

போனில் ஏன் பேசவில்லை என்று கேட்கவில்லை நீங்கள். நல்லது. கேட்டிருந்தால் இந்தக் கடிதமும் எழுதியிருக்க மாட்டேன்.

நாகஜோதி

*

வாபி
27 ஜூன் 2024

மதினிக்கு,

மேஸ்திரியிடம் சொல்லித் தார்ப்பாயை எடுக்கச் சொல்லிவிட்டேன். எடுத்துவிட்டதாகச் சொன்னார். குழிகளை மூடாமல் போனது தப்பு. அதையும் கேட்டேன். தலையைச் சொறிந்திருப்பார், போனில் தெரியவில்லை.

சாரம் என்றால் உங்களுக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. சவுக்குக் கம்பும் கயிறும் வேண்டாம். மைதீன் பிச்சையிடம் இரும்புக் குழாய்ச் சாரம் இருக்கிறது. ஒவ்வொரு தட்டுக்கும் கைப்பிடி உண்டு. ஏறுகிற ஆள் ஒவ்வொருவரும் இடுப்பில் பெல்ட் போட்டுக் கொக்கி மாட்டவேண்டும் என்று எழுதியே வாங்கிவிடுகிறேன். பலகை அறுக்கிற தூசி உங்கள் சம்பங்கி மேல் விழாமல், கிழக்கு வாசலில் தண்ணீர் விட்டு அறுத்துத் தூக்கிவருவார்கள். வேறு என்ன ஏற்பாடு வேண்டும் என்றாலும் சொல்லுங்கள்.

நானும் இங்கே இருப்புக் கொள்ளாமல்தான் இருக்கிறேன். ஷிப்ட் முடிந்து வந்தால் உட்கார முடியவில்லை. குவார்ட்டர்ஸைச் சுற்றி நடக்கிறேன். பரணி, "எங்க போறீங்க" என்று கேட்டாலும் நிற்பதில்லை. அடுத்த ஜூனில் பையனை அங்கே பள்ளியில் சேர்த்துவிட்டு ஊரோடு வந்துவிட வேண்டும் என்றிருந்தோம். ஒரு சுவர் எல்லாவற்றையும் பிடித்து வைத்திருக்கிறது.

அண்ணன் இருந்திருந்தால் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் சம்மதித்திருப்பார். அவரை நினைத்தாவது யோசியுங்கள்.

சேதுபதி

*

அகரம்
8 ஜூலை 2024

கொழுந்தனாருக்கு,

அவரை நினைத்து யோசிக்கச் சொன்னீர்கள். யோசித்தேன். எழுதுகிறேன், படியுங்கள்.

அன்றைக்குக் காலை ஒன்பதரை மணி. நான் வரப்போரம் உட்கார்ந்து சம்பங்கி தரம் பிரித்துக்கொண்டிருந்தேன். அவர் சாரத்துக்கு அடியில் நின்று போனைக் கையில் நீட்டிப் பிடித்து யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். யாருடன் என்று எனக்குத் தெரியும். தினமும் அந்நேரம் உங்களுக்குச் சுவரைக் காட்டுவார். பாதிப் பேச்சுக் காதில் விழும், பாதி விழாது. "சரி இரு, காமிக்கிறேன்" என்றது விழுந்தது. ஒரு கையில் போன். ஒரு கையால் ஏறினார். மூன்றாம் தட்டு வரை பார்த்தேன். பிறகு பூவைப் பார்த்தேன். சத்தம் கேட்டுத்தான் நிமிர்ந்தேன்.

போன் அவரைவிட நாலு முழம் தள்ளி என் பாத்தியில் கிடந்தது. உடையவில்லை. உள்ளேயிருந்து உங்கள் குரல் வந்துகொண்டே இருந்தது. "அண்ணே, என்னண்ணே, ஒண்ணும் தெரியல, அண்ணே." நான் எடுத்தேன். உங்கள் முகம் தெரிந்தது. என் முகம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். நான்தான் துண்டித்தேன்.

பதினாறாம் நாள் கருமாதியில் அய்யலூர் தங்கமுத்துப் பெரியப்பா, பந்தலில் அத்தனை பேர் முன்னால் உங்களைக் கேட்டார். "ஏலே சேது, அவன் எதுக்கு மேல ஏறுனான்?" நான் உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். நீங்கள், "எனக்கென்ன தெரியும் பெரியப்பா, நான் ஏறச் சொல்லல" என்றீர்கள்.

அதற்குப் பிறகு ஊர் தன் இஷ்டத்துக்குப் பேசியது. யாரும் சொல்லாமல் ஒரு ஆள் காலையில் சாரத்தில் ஏன் ஏறுவான் என்றால், குடித்திருப்பான். பழனியம்மாள் அத்தை என் வீட்டுக்கே வந்து, "பழக்கம் இருந்துச்சாத்தா? எங்கிட்டச் சொல்லு, நான் யாருகிட்டயும் சொல்லமாட்டேன்" என்று கேட்டார். உங்கள் அண்ணன் கல்யாண வீட்டில்கூட அதைத் தொட்டதில்லை என்று உங்களுக்குத் தெரியும். போன மாதம் கல்லூரி பஸ்ஸில் கீர்த்தனாவின் பின் சீட்டில் யாரோ இதையே சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு வரை திரும்பிப் பார்க்காமலே உட்கார்ந்து வந்தாளாம். இரண்டு நாள் கழித்துத்தான் என்னிடம் கேட்டாள். "அம்மா, அப்பா அன்னைக்கு..." அதற்கு மேல் கேட்கவில்லை.

நான் சொல்லியிருக்கலாம். நான் சொன்னால், செத்தவன் பெண்டாட்டி பழியைக் கொழுந்தன் மேல் தள்ளுகிறாள் என்பார்கள். நீங்கள் சொல்ல வேண்டியது அது.

சாரம் வேண்டும் என்றால் போட்டுக்கொள்ளுங்கள். கேட்ட அதே பெரியப்பா முன்னால், அதே ஆட்கள் முன்னால், நடந்ததைச் சொல்லிவிட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

நாகஜோதி

*

வாபி
30 ஜூலை 2024

மதினிக்கு,

உங்கள் கடிதம் வந்து இரண்டு வாரமாகிறது. ஐந்து தடவை எழுதிக் கிழித்தேன். முதல் இரண்டில் வேறு வழி சொல்லியிருந்தேன். மாடியிலிருந்தே கயிற்றில் ஊஞ்சல் பலகை இறக்கி வேலை செய்யலாம், உங்கள் மண்ணில் கால் படாது என்று. ஒன்றில் வீட்டை அப்படியே விற்றுவிடுகிறேன் என்று எழுதினேன். இன்னொன்றில் உங்கள் மேல் கோபப்பட்டிருந்தேன். அதைப் பரணி படித்துவிட்டாள். அவளுக்கும் அதுவரை தெரியாது. கேட்டாள். சொன்னேன். அன்று முழுக்க என்னிடம் பேசவில்லை.

நீங்கள் எழுதியது எல்லாம் உண்மை. போனில் நான்தான் இருந்தேன். நான்தான் காட்டச் சொன்னேன். படம் சுழன்றது, வானம் வந்தது, பிறகு பச்சையாக ஏதோ. பிறகு உங்கள் முகம். அதற்குப் பிறகு என்னால் வீடியோவில் யாரையும் பார்க்க முடிவதில்லை. மில்லில் மேனேஜர் கூப்பிட்டால்கூடக் கேமராவை அணைத்துவிட்டுத்தான் பேசுகிறேன்.

பெரியப்பா கேட்டபோது சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நாற்பது முகம் என்னைப் பார்த்தது. வந்தது வேறு வார்த்தை. வந்ததும் எல்லாரும் "ஆமா, அவன் குஜராத்துல இருக்கான், அவனுக்கென்ன தெரியும்" என்றார்கள். அது எனக்குச் சௌகரியமாக இருந்தது. இப்படி எழுதக் கை கூசுகிறது. ஆனால் அப்படித்தான் இருந்தது. குடி என்ற பேச்சு எழும் என்று நினைக்கவில்லை. எழுந்தது காதில் விழுந்தபோதும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

உங்களிடம் சொல்லிவிட்டேன். பெரியப்பாவுக்கும் மற்றவர்களுக்கும் நீங்கள் இந்தக் கடிதத்தைக் காட்டிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. அந்த ஆட்கள் முன்னால் வந்து நிற்க மட்டும் என்னால் ஆகாது மதினி. சாரமும் வேண்டாம். சுவர் நனைந்தால் நனையட்டும்.

சேதுபதி

*

அகரம்
6 ஆகஸ்ட் 2024

கொழுந்தனாருக்கு,

எனக்குத் தெரிந்ததையே எனக்கு எழுதி என்ன பிரயோசனம்?

உங்கள் கடிதத்தை ஊரில் தூக்கிக்கொண்டு போய்க் காட்ட நான் ஆள் இல்லை. பந்தலில் வந்தது உங்கள் வாய்ப்பேச்சு. உங்கள் வாயால்தான் அழியவேண்டும்.

பரணியிடம் சொன்னது நல்லது. அவளிடம் சொன்ன மாதிரி இங்கேயும் சொல்லலாம். நாற்பது பேரைப் பார்க்கவேண்டாம். ஒருவரைப் பார்த்துச் சொல்லுங்கள். பார்க்க வேண்டிய முகம் கீர்த்தனாவுடையது.

ஆடிக் காற்றில் யாரும் எதிலும் ஏறவேண்டாம். ஆவணி பிறக்கட்டும். வாங்க.

நாகஜோதி

*

வாபி
14 ஆகஸ்ட் 2024

மதினிக்கு,

பன்னிரண்டு நாள் லீவு கிடைத்திருக்கிறது. 24ஆம் தேதி வந்து சேருவேன். பெரியப்பாவிடம் நானே போனில் பேசி, ஞாயிற்றுக்கிழமை அகரம் வரச்சொல்லிவிட்டேன். எதற்கு என்று கேட்டார். வந்தபிறகு சொல்கிறேன் என்றேன். பழனியம்மாள் அத்தையையும் கூட்டிவரச் சொன்னேன். மற்றவர்களுக்கும் சொல்லிவிட்டேன்.

மைதீன் பிச்சை செவ்வாய்க்கிழமை குழாய் இறக்குகிறார். அதற்கு முன்னால் பேசிவிடுவேன்.

நான் உங்கள் வீட்டில் தங்கவில்லை. கட்டுகிற வீட்டின் கீழ் அறையில் படுத்துக்கொள்கிறேன்.

சேதுபதி

*

அகரம்
15 செப்டம்பர் 2024

கொழுந்தனாருக்கு,

நீங்கள் வாபி போய்ச் சேர்ந்த செய்தி பரணி சொன்னாள். போகிறபோது என்னிடம் நீங்களும் ஒன்றும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் பேசி முடித்ததும் பெரியப்பா ரொம்ப நேரம் துண்டை மடித்துக்கொண்டே இருந்தாரே, நினைவிருக்கிறதா? நீங்கள் வெளியே போனபிறகு பழனியம்மாள் அத்தையிடம் திரும்பி, "இனி யாராவது குடிங்கிற பேச்சை எடுத்தா எங்கிட்ட அனுப்பு" என்றார். அத்தை தலையை ஆட்டினார். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல வந்தார். நான் கையை எடுத்துக்கொண்டேன். அது தப்பா சரியா என்று இன்னும் தெரியவில்லை.

கீர்த்தனா உங்களைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். நீங்கள், "நான்தான்த்தா ஏறச் சொன்னேன்" என்றதும் எழுந்து பின்வாசல் வழியாகப் போய்விட்டாள். அவள் அப்படிப் போனது உங்களுக்கு எப்படி இருந்தது என்று பார்த்தேன். நீங்கள் பாதியில் நிறுத்துவீர்கள் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. அதை ஒத்துக்கொள்கிறேன்.

வேலை நடந்த ஐந்து நாளும் நான் பூப்பறிக்கப் போகவில்லை. ஆள் விட்டுப் பறித்தேன். குழாய்களை மண்ணில் நிறுத்தி, அடியில் கட்டை வைத்து, மைதீன் பிச்சை ரசமட்டம் வைத்துப் பார்க்கும்போது என்னால் அங்கே நிற்க முடியவில்லை. ஆனால் வீட்டுக்குள் போகவும் முடியவில்லை. போனால் சத்தம் மட்டும் கேட்கும், அது இன்னும் மோசம். முதல் பலகையை வைக்க அந்த மனிதர் அரை நாள் எடுத்தார். "அடிப்பலகை ஒரு நூல் சாஞ்சாலும் மேல போகப்போகக் காட்டிக் குடுத்துரும்மா" என்றார். இரண்டாம் நாள் சாயங்காலம் பாதிச் சுவர் மூடியிருந்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒருவரும் விழவில்லை. அது எனக்கு ஆச்சரியமாக இருந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

நாலாம் நாள் மத்தியானம் ஆட்கள் சாப்பிடப் போன நேரத்தில் நீங்கள் ஏன் ஏறினீர்கள்? மேலே ஒன்றரை ஆள் உயரம்தான் மூடாமல் இருந்தது. பெல்ட் மாட்டித்தான் ஏறினீர்கள், பார்த்தேன். சுவரில் கையை வைத்துத் தடவினீர்கள். பிறகு அப்படியே தட்டில் உட்கார்ந்துவிட்டீர்கள். குழாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டு. கூப்பிட்டேன். இரண்டாம் தடவை கூப்பிடும்போது என் கால் ஏணியில் இருந்தது.

எனக்கு உயரம் ஆகாது. கிணற்றுமேட்டில் நின்றாலே தலை சுற்றும். எப்படி ஏறினேன் என்று தெரியவில்லை. "கீழ பாக்காதீங்க. என் கையைப் பாருங்க. ஒவ்வொரு காலா வைங்க" என்றேன். அது உங்களுக்குச் சொன்னதா எனக்குச் சொன்னதா? பாதியில் நீங்கள், "மதினி, நீங்க எதுக்கு வந்தீங்க" என்றீர்கள். நான் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். இன்னொரு தடவை பூவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க என்னால் முடியாது.

நானும் ஒன்றைச் சொல்லாமல் வைத்திருக்கிறேன். அன்று காலை எனக்கும் அவருக்கும் சண்டை. மார்க்கெட்டுக்கு மூட்டை போகவேண்டும், நேரமாகிறது, இவர் உங்கள் சுவரையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். "கட்டி முடிச்சு அங்கேயே குடி போயிருங்க, எனக்கு எதுக்கு நீங்க" என்றேன். அவர் பதில் பேசாமல் போய்விட்டார். நான் அவரிடம் பேசிய கடைசிப் பேச்சு அது. வரப்போரம் உட்கார்ந்திருந்தபோதும் வேண்டுமென்றேதான் பேசாமல் இருந்தேன். "பாத்து ஏறுங்க" என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். கோபத்தில் சொல்லவில்லை. நீங்கள் பந்தலில் மறைத்தீர்கள் என்று உங்களைப் பிடித்தேன். நான் ஏழு மாதமாக மறைத்ததை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

நேற்றுக் கீர்த்தனா கேட்டாள், "அப்பா கடைசியா சித்தப்பாகிட்ட என்னம்மா பேசுச்சு?" எனக்குத் தெரியாது. என் காதில் விழுந்தது, "இரு, காமிக்கிறேன்" மட்டும்தான். மீதி உங்களிடம்தான் இருக்கிறது. உங்களோடு அவள் பேசமாட்டாள், நேற்றும் அதைத்தான் சொன்னாள். ஆனால் அது அவளுக்கு வேண்டுமாம். எழுதி அனுப்புங்கள்.

நாகஜோதி

*

வாபி
24 செப்டம்பர் 2024

மதினிக்கு,

முழுக்க எழுதுகிறேன். நடுவில் நிறுத்தினால் மறுபடி உட்காரமாட்டேன்.

பதினொரு நிமிடம் பேசினோம். முதலில் பையனைப் பற்றிக் கேட்டார். பல் விழுந்ததா என்றார். ஆமாம் என்றேன். "கூரையில வீசச் சொன்னியா? அங்க ஏதுடா கூரை" என்று அவரே சிரித்தார். பிறகு உங்களைப் பற்றிச் சொன்னார். அவர் சொன்ன மாதிரியே எழுதுகிறேன்.

"ஏலே சேது, காலங்காத்தால உங்க மதினிகிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன். உன் வீட்டுலயே குடிபோகச் சொல்லிட்டா. அவ சொல்றதும் நியாயந்தான்டா, பூ வாடிக்கிட்டு இருக்கு, நான் இங்க நிக்கிறேன். இந்தா, எதுக்கத்தான் உக்காந்திருக்கா, மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு. செத்த நேரம் போகட்டும், மூட்டையத் தூக்கி வண்டில வச்சா தானா சிரிப்பா." போனைத் திருப்பி உங்களைக் காட்டினார். தூரத்தில் நீங்கள் குனிந்து பூ பிரித்துக்கொண்டிருந்தீர்கள். அவர் கோபமாக இல்லை மதினி. கொஞ்சமும் இல்லை.

இதை அன்றே உங்களிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் மீதியையும் சொல்லவேண்டும். அதனால் இதையும் சேர்த்து மறைத்தேன். உங்களுக்குச் சேரவேண்டியதை ஏழு மாதம் வைத்துக்கொண்டிருந்தேன்.

மீதி இது. அதற்கு முந்திய நாள் அவர் அனுப்பிய போட்டோவில் மேல் ஜன்னலுக்கு மேலே ஒரு கோடு தெரிந்தது. விரிசல் என்று நினைத்தேன். அன்று முழுக்க அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். காலையில் அதைத்தான் கிட்டத்தில் காட்டச் சொன்னேன். அண்ணன், "காத்து அடிக்குதுப்பா. மேஸ்திரி நாளைக்கு வாராரு, அவரை ஏறிப் பாக்கச் சொல்றேன்" என்றார். வேண்டாம் என்றுதான் சொன்னார். நான் விடவில்லை. "ஒரே ஒரு தடவ காட்டுண்ணே, மனசு கிடந்து அடிச்சுக்குது" என்றேன். அவர் சரி என்று சொல்லவில்லை. நான் இரண்டாம் தடவையும் கேட்டேன். அப்போதுதான், "சரி இரு, காமிக்கிறேன்" என்றார். அதுதான் நீங்கள் கேட்டது.

பந்தலில் பொய் சொன்னேன். போன மாதம் ஏறச் சொன்னேன் என்றேன். அவர் மாட்டேன் என்றதையும் நான் திரும்பக் கேட்டதையும் அன்றும் சொல்லவில்லை. கீர்த்தனா எழுந்து போனதும் அதைச் சொல்லத் தைரியம் வரவில்லை. இப்போது சொல்லிவிட்டேன்.

நாலாம் நாள் நான் ஏறியது அந்த இடத்தைப் பார்க்கத்தான். அன்று சாயங்காலம் பலகை அதை மூடிவிடும். அதற்கு முன்னால் பார்க்கவேண்டும் என்று இருந்தது. கையை வைத்துத் தடவினேன். அங்கே விரிசல் இல்லை மதினி. செங்கல் வரிசை நேராக இருக்கிறது. ஒரு மயிரிழைகூட இல்லை. பழைய சாரத்தின் கயிற்று நிழல் சுவரில் விழுந்திருக்கும். அப்படியே தட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

இந்தக் கடிதத்தைக் கீர்த்தனாவிடம் முழுக்கப் படித்துக் காட்டுங்கள். எதையும் விட்டுவிடாதீர்கள். கேட்டபிறகு நான் அங்கே குடிவருவது அவளுக்குப் பிடிக்கவில்லை என்றால் வரமாட்டோம். பரணியிடம் பேசிவிட்டேன். தினமும் வாசலைத் திறந்தால் என் முகத்தைப் பார்க்கவேண்டிய கட்டாயம் அந்தப் பிள்ளைக்கு இல்லை.

சேதுபதி

*

அகரம்
20 அக்டோபர் 2024

கொழுந்தனாருக்கு,

உங்கள் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. முதலில் நான் மட்டும் படித்தேன். மூட்டையைத் தூக்கி வண்டியில் வைத்தால் சிரிப்பாள் என்று சொன்னாரே, அந்த இடத்துக்கு மேல் அன்று படிக்க முடியவில்லை. மறுநாள் மீதியைப் படித்தேன். உங்கள் மேல் கோபம் வந்தது. பழைய கோபம் இல்லை, புதிதாக. அது இன்னும் இருக்கிறது. இருக்கட்டும். அதை வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

கீர்த்தனாவுக்குப் படித்துக் காட்ட நாள் தள்ளிக்கொண்டே போனேன். நீங்கள் சொன்னபடி ஒரு வரியும் விடக்கூடாது என்றிருந்தேன், ஆனால் விட்டுவிடலாமா என்று மூன்று தடவை தோன்றியது. முந்தாநாள் பகலிலேயே இருட்டிக்கொண்டு மழை பிடித்தது. அவளுக்குக் கல்லூரி லீவு. மாடி ஜன்னலைச் சாத்தவேண்டும் என்று இரண்டு பேரும் உங்கள் வீட்டுக்கு ஓடினோம். சாத்திவிட்டு மழை விடும்வரை அங்கேயே தரையில் உட்கார்ந்தோம். அங்கே வைத்துத்தான் படித்தேன்.

அப்பா பல்லைக் கூரையில் வீசச் சொன்ன இடத்தில் சிரித்தாள். எத்தனையோ மாதம் கழித்துச் சிரித்தாள். அவர் வேண்டாம் என்றதையும், நீங்கள் விடாமல் கேட்டதையும் படிக்கும்போது என் கையிலிருந்து காகிதத்தை வாங்கிக்கொண்டு தானே படித்தாள். விரிசல் இல்லை என்ற வரியில் ரொம்ப நேரம் இருந்தாள். பிறகு மடித்துக் கொடுத்துவிட்டுச் சுவரோரம் போய் நின்றாள். வெளியே பலகையில் மழை இரைந்து இறங்குகிறது. உள்ளே சுவர் காய்ந்து கிடக்கிறது.

நீங்கள் குடிவருவதைப் பற்றி நான் கேட்கவில்லை. அவளேதான் சொன்னாள். "நான் அவரோட பேசமாட்டேம்மா. எப்பப் பேசுவேன்னும் தெரியாது. அதுக்காக அப்பா பாத்துப் பாத்துக் கட்டுன வீட்டப் பூட்டிப் போடச் சொல்லலே. சித்தியையும் தம்பியையும் கூட்டிக்கிட்டு வரச்சொல்லு."

தை மாதத்தில் நல்ல நாள் பார்த்து எழுதுங்கள். பால் நான் காய்ச்சுகிறேன்.

நாகஜோதி